வேண்டாத மீனைத் தப்பவிடும் வலைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாகரை தொடக்கம் பொத்துவில் வரை எந்தக் கடற்றொழிலாளர் சங்கத்துக்குப் போனாலும், வலைமாற்றம் பற்றிய பேச்சு எழுந்த உடனே அதே சந்தேகங்கள் வருகின்றன. வெளிநாட்டில் இழுவை மடியில் (படகு கடலடியில் இழுத்துப் போகும் பை போன்ற வலை) ஓட்டை வைக்கிறார்களாம், கம்பி பூட்டுகிறார்களாம், விளக்குக் கட்டுகிறார்களாம் என்று கைத்தொலைபேசியில் பார்த்ததை வைத்துக் கேட்கிறார்கள். கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி, பதில்களைச் சேர்த்திருக்கிறேன். எளியவை முன்னே, சிக்கலானவை பின்னே.

கடலில் வேண்டாத மீன் என்று ஒன்று உண்டா?

கடலுக்கு இல்லை, வலை போட்டவருக்கு உண்டு. எதைப் பிடிக்க நினைத்து வலையை இறக்கினோமோ அதற்கு மேலாக ஏறி வருவதைத்தான் இங்கே வேண்டாத மீன் என்கிறோம். சட்டம் தொடக்கூடாது என்று சொல்லும் ஆமை போன்ற உயிர்கள் ஒரு வகை. பேத்தை, சொறி (ஜெலிமீன்) போல யாரும் வாங்காதவை இன்னொரு வகை. வளர்ந்தால் நல்ல விலைபோகும் மீனின் குஞ்சு மூன்றாவது வகை. நமக்கு அதிக நட்டம் தருவது இந்த மூன்றாவதுதான். கூடையில் கிடக்கும் விரலளவு பாரைக் குஞ்சுக்கு அன்று கிடைப்பது சில்லறைக் காசு.

சின்ன மீன் எல்லாமே குஞ்சு அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நெத்தலி முழுதாக வளர்ந்தாலும் விரல் நீளம்தான். அதைப் பிடிப்பதில் குற்றம் எதுவும் இல்லை. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் நெத்தலிக் காலம் பற்றிய கேள்வியில் இது பெரிய சிக்கலாக வரும்.

உலகம் முழுவதும் எவ்வளவு மீனை இப்படி வீசுகிறார்கள்?

ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் 2019இல் வெளியிட்ட கணக்கின்படி, 2010 முதல் 2014 வரையான காலத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 91 இலட்சம் தொன் மீன் பிடித்த இடத்திலேயே கடலில் திருப்பி வீசப்பட்டது. அதில் பாதிக்குச் சற்றுக் குறைவானது கடலடியை உழுது இழுக்கும் மடிகளிலிருந்து வந்தது. இது வீசியதன் கணக்கு மட்டுமே. கரைக்குக் கொண்டுவந்து கோழித்தீனுக்கும் மீன்மாவுக்கும் போகும் குஞ்சு மீன்கள் இதற்குள் அடங்கவில்லை.

ஏன் எல்லோரும் இழுவை மடியையே குறை சொல்கிறார்கள்?

இறால் சின்னது. அதைப் பிடிக்கச் சின்னக் கண் வேண்டும். சின்னக் கண்ணுள்ள மடியைக் கடலடியில் மணிக்கணக்காக இழுத்தால் இறால் இருக்கும் இடத்தில் வாழும் அத்தனையும் உள்ளே வந்துவிடும். வெப்பக் கடல்களில் ஒரே இடத்தில் பல நூறு இன மீன்கள் கலந்து வாழ்வதால் நிலைமை இன்னும் மோசம். உணவு விவசாய நிறுவனத்தின் 2005ஆம் ஆண்டுக் கணக்கில், வெப்பமண்டல இறால் இழுவையில் பிடிபட்டதில் 62 வீதம் திருப்பி வீசப்பட்டதாக இருந்தது. வேறு எந்தத் தொழில் முறையிலும் அவ்வளவு வீசப்படவில்லை.

வலையில் அப்படி என்ன மாற்றம் செய்கிறார்கள்?

மீனும் இறாலும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. மடிக்குள் அகப்பட்ட மீன் நீரோட்டத்தை எதிர்த்து நீந்தி மேல்பக்கமாக வழி தேடும். இறால் நீர் தள்ளும் திசையில் பின்னால் போகும். பெரும்பாலான மாற்றங்கள் இந்த வேறுபாட்டைத்தான் பயன்படுத்துகின்றன. மடியின் மேல்பக்கத்தில் ஒரு துண்டை வெட்டிச் சதுரக் கண் வலையைத் தைப்பார்கள். அல்லது மீன்கண் வடிவத்தில் கம்பி வளையம் ஒன்றைப் பொருத்தித் திறந்த வாசல் வைப்பார்கள். மீன் வெளியேறும், இறால் தங்கும்.

பெரிய உயிர்களுக்கு வேறு வழி. மடிக்கு முன்னால் கம்பிச் சட்டம் ஒன்றைச் சாய்வாகப் பொருத்துவார்கள். இறால் கம்பிகளுக்கு இடையால் போய்விடும். ஆமை, பெரிய திருக்கை போன்றவை கம்பியில் முட்டி, சட்டத்தின் முனையிலுள்ள மூடித் துணியைத் தள்ளிக்கொண்டு வெளியே போகும். நோர்வேயில் 1990களின் தொடக்கத்தில் கட்டாயமாக்கப்பட்ட இறால் கம்பிச்சட்டத்தில் கம்பிகளுக்கு இடையே 19 மில்லிமீற்றர் இடைவெளி. அந்தக் கம்பிச்சட்டத்தை முதலில் செய்தவர் ஒரு மீனவர், அதுவும் மடியில் நிறைந்து தொல்லை தந்த சொறியைக் கழிப்பதற்காக. மீன் குஞ்சைக் காப்பாற்ற அது உதவும் என்பதை ஆய்வாளர்கள் பின்னர்தான் எடுத்துக்கொண்டார்கள். சங்கங்களில் நான் இதைத் தவறாமல் சொல்வேன், ஏனென்றால் வலைமாற்றம் படித்தவர்கள் மேலிருந்து இறக்கும் விடயம் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது.

கண்ணின் அளவு ஒன்றுதான், வடிவத்தை மட்டும் மாற்றினால் என்ன ஆகிவிடப் போகிறது?

நிறைய ஆகும். வழக்கமான வலையில் கண் சாய்சதுரம். மடியில் மீன் நிறைந்து இழுவிசை கூடும்போது அந்தக் கண் நீண்டு ஒடுங்கி மூடிக்கொள்ளும். கரையில் கையில் பிடித்துப் பார்க்கும்போது திறந்திருந்த கண், வேலை செய்யும் நேரத்தில் ஒரு கீறல் போல ஆகிவிடுகிறது. சதுரமாக நிற்கும் கண்ணில் இழுவிசை நேராக ஒரு பக்க நூல்களில் ஓடுவதால் துவாரம் திறந்தபடியே இருக்கும். சூடை, கும்பளா போல உருண்ட உடம்புள்ள மீன்களுக்கு அது நல்ல வாசல். காரல் போலத் தட்டையும் அகலமுமான மீன்களுக்கு அவ்வளவு பொருந்தாது. தட்டை மீன்களுக்குச் சாய்சதுரமே சில வேளை மேல்.

புதிய வலை வாங்க வசதி இல்லாதவர்களுக்கு ஓர் எளிய வழி உண்டு. இருக்கிற வலைத் துண்டைத் தொண்ணூறு பாகை திருப்பித் தைத்தால் முடிச்சின் தடிப்பே கண்ணை ஓரளவு திறந்து வைத்திருக்கும். சாதாரண வலையைச் சரிவாக வெட்டிச் சதுரக் கண் ஆக்கினால் முடிச்சு நழுவும், அதனால் முடிச்சில்லாத வலை நல்லது. நூலின் தடிப்பையும் கவனியுங்கள். தடித்த நூல், இரட்டை நூல், மடியின் சுற்றளவில் அதிகமான கண்கள், இவை மூன்றும் தப்பும் வாய்ப்பைக் குறைக்கும். கண் அளவை மட்டும் அளந்து பார்த்துவிட்டுத் திருப்தி அடையக் கூடாது.

எங்கள் பக்கம் இழுவைப் படகே இல்லையே தம்பி. இதெல்லாம் எங்களுக்கு எதற்கு?

சரியான கேள்வி. இலங்கைக் கடலில் கடலடி இழுவை மடி 2017ஆம் ஆண்டின் கடற்றொழில் நீரியல் வளங்கள் திருத்தச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டிருக்கிறது. மட்டக்களப்பு, அம்பாறைக் கரைக்கு வெளியே கடல் விரைவாக ஆழமாகிவிடும். இழுவைக்கு ஏற்ற, ஆழம் குறைந்த அகன்ற கடலடி மேடை நமக்கு இல்லை. ஆகவே இழுவை மடிச் சோதனையை அப்படியே இங்கே கொண்டுவருவது பற்றி யாரும் பேசவில்லை.

ஆனால் நம்மிடம் கரைவலை இருக்கிறது. இரண்டு பக்கமும் நீளும் கைவலைகள், நடுவில் ஒரு மடி, மடியின் நுனியில் மிகச் சின்னக் கண். இழுப்பது படகுக்குப் பதிலாகக் கரையில் நிற்கும் ஆட்கள், சில இடங்களில் உழவு இயந்திரத்தில் பூட்டிய வின்ச். கல்லடி, நாவலடி, களுவன்கேணி, கிரான்குளம், பாண்டிருப்பு, நிந்தவூர், திருக்கோவில் என்று எங்கே போனாலும் கரைவலை மடியைக் கொட்டும்போது அடியில் குஞ்சுகளைக் காணலாம். இழுவை மடிக்காக உலகம் கண்டுபிடித்த சோதனை முறைகள் இந்த மடிக்கும் பெரும்பாலும் பொருந்தும். நான் இதைப் பற்றிப் பேசுவதற்கு ஒரே காரணம் அதுதான்.

பழைய மடியை ஒரு நாள், புதிய மடியை மறுநாள் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடாதா?

தெரியாது. நேற்றைய கடலும் இன்றைய கடலும் ஒன்றல்ல. நேற்று நீரோட்டம் வடக்கே, இன்று தெற்கே. நேற்று சூடைக் கூட்டம் கரைக்கு வந்தது, இன்று வரவில்லை. இன்று குஞ்சு குறைவாக வந்தது மடியாலா கடலாலா என்று யார் சொல்வது?

அதனால் சோடியாகச் செய்ய வேண்டும். அதே பாட்டில் (பாடு என்பது கரைவலை இழுக்கும் கரைத் துண்டு), அதே நாளில், அதே கைவலைகளோடு, ஒரு வளைப்புப் (வலையை ஒரு தடவை விட்டு இழுப்பது) பழைய மடி, அடுத்த வளைப்புப் புதிய மடி. எது முதலில் என்பதை நாணயம் சுண்டித் தீர்மானியுங்கள். விடியற்காலை வளைப்பு எப்போதும் பழைய மடிக்கே போனால் அது நேர்மையான போட்டி ஆகாது. ஆட்களின் எண்ணிக்கையும் இழுக்கும் வேகமும் மாறக் கூடாது. ஒரு வளைப்பைக் கையாலும் மற்றதை வின்ச்சாலும் இழுத்தால் மடியை அல்ல, வின்ச்சைத்தான் சோதித்ததாகும். இழுவைப் படகுகளில் இதற்காக இரட்டை மடி கட்டி, ஒன்றில் பழையது, மற்றதில் புதியது என்று ஒரே நேரத்தில் இழுப்பார்கள். அப்போதும் இடமும் வலமும் மாற்றி மாற்றித்தான் கட்டுவார்கள்.

மடிக்கு மேல் இன்னொரு மடி போட்டுச் சோதிப்பார்களாமே, அது ஏன்?

சோடி முறையில் எது குறைந்தது என்று தெரியும். தப்பியது எது, எவ்வளவு என்று நேரடியாகத் தெரியாது. அதற்காகச் சோதிக்கும் மடியை முழுதாக மூடும்படி, மிகச் சின்னக் கண்ணுள்ள உறை வலை ஒன்றைப் போடுவார்கள். மடியிலிருந்து தப்பியவை எல்லாம் உறையில் சிக்கும். மடியில் உள்ளதையும் உறையில் உள்ளதையும் தனித்தனியே எண்ணினால், ஒவ்வொரு நீள மீனிலும் எத்தனை பங்கு தங்கியது என்று சொல்லிவிடலாம்.

உறை மடியின் மேல் ஒட்டிப் படிந்தால் கண்களை அடைத்து, முடிவைப் பொய்யாக்கிவிடும். உறையின் நீளமும் அகலமும் மடியைப் போல ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும் என்பது வழக்கமான அளவு. இழுவை மடியில் வளையம் வைத்து உறையை விலக்கி நிறுத்துவார்கள். கரைவலை கடைசிக் கட்டத்தில் மணலில் உரசுவதால் அங்கே உறை படிந்துவிடும் ஆபத்து அதிகம். மடியை இடுப்பளவு நீரிலேயே நிறுத்தி உறையின் வாயைக் கட்டிவிடுவது நல்லது.

எத்தனை வளைப்புச் செய்தால் நம்பலாம்?

ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். புதிய மடியால் எந்தப் பலனும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒவ்வொரு சோடியிலும் அது வெல்ல இரண்டில் ஒரு வாய்ப்பு உண்டு. ஐந்து சோடியிலும் தொடர்ந்து வெல்வது வெறும் அதிர்ஷ்டத்தால் 32இல் ஒரு தடவை நடக்கும். பத்துச் சோடியில் ஒன்பதோ பத்தோ வெல்வது ஏறத்தாழ 100இல் ஒரு தடவை. ஆகவே இரண்டு மூன்று வளைப்பைப் பார்த்துவிட்டு நல்லது, கெட்டது என்று சொல்பவரை நம்ப வேண்டாம், சொல்பவர் அதிகாரியாக இருந்தாலும்.

எல்லாச் சோடியையும் ஒரே வாரத்தில் முடிப்பதும் போதாது. வாடைக்காற்றில் நம் கடல் கொந்தளித்துக் கரைவலை ஓய்ந்துவிடும். தொழில் நடக்கும் மாதங்களிலும் குஞ்சு வரும் காலம் மீனுக்கு மீன் வேறு. தொடக்கத்தில் சில, நடுவில் சில, முடிவில் சில என்று பிரித்துச் செய்தால்தான் ஓர் ஆண்டுக்குப் பொருந்தும் பதில் கிடைக்கும்.

மீனை ஒவ்வொன்றாக அளக்க வேண்டுமா? ஆயிரக்கணக்கில் வருமே!

எல்லாவற்றையும் அளக்கத் தேவையில்லை. முதலில் முழுப் பிடியையும் நிறுத்து எழுதுங்கள். பிறகு நன்றாகக் கலந்து, பார்க்காமல் ஒரு கூடை எடுத்து, அதை மட்டும் இனம் பிரித்து அளந்து, எடை விகிதத்தால் பெருக்குங்கள். கலக்காமல் எடுத்தால் தவறு வரும். குவியலில் பெரிய மீனும் சின்ன மீனும் சமமாகப் பரவிக் கிடப்பதில்லை, எடுக்கும் கையும் பெரியதைத்தான் தேடும்.

அளந்த நீளங்களிலிருந்து முக்கியமான ஓர் எண் கிடைக்கும். எந்த நீளத்தில் மீன்களில் பாதி மடியில் தங்கிப் பாதி தப்புகின்றனவோ, அந்த நீளம். உதாரணமாக, 12 சென்ரிமீற்றர் பாரையில் மடியில் 50, உறையில் 50 இருந்தால் அந்த மடிக்குப் பாரையின் பாதி தங்கும் நீளம் 12 சென்ரிமீற்றர். அந்த இனம் முதல் முட்டையிடும் நீளத்தோடு அதை ஒப்பிட்டால் மடி போதுமா போதாதா என்று தெரியும். எடை மட்டும் எழுதினால் இந்த எண் கிடைக்காது. நாரா எனும் அரசின் நீரியல் வள ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்களோ வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்களோ உடன் நின்றால் இந்தப் பகுதியை அவர்களிடம் விட்டுவிடலாம், ஆனால் கூடையை எடுக்கும் இடத்தில் சங்கத்தவர் ஒருவர் நிற்பது அவசியம்.

தப்பிய மீன் கொஞ்ச நேரத்தில் செத்துப்போனால் என்ன பயன்?

பயன் இல்லை. அதனால்தான் தப்பியதைச் சோதிப்பதோடு பிழைத்ததையும் சோதிக்கிறார்கள். உறை வலையில் சிக்கியதை நீருக்குள்ளேயே கூண்டுக்கு மாற்றிச் சில நாட்கள் பார்ப்பார்கள். அதே கடலில் வலையில் சிக்காமல் வேறு வழியில் பிடித்த மீன்களையும் பக்கத்துக் கூண்டில் வைப்பார்கள், கூண்டே மீனைக் கொன்றதா என்று அறிய.

வட அத்திலாந்திக்கில் நடந்த சோதனைகளில் கொட், ஹடொக் போன்ற உறுதியான மீன்கள் பெரும்பாலும் பிழைத்தன. பால்டிக் கடலின் ஹெரிங், நம் கீரிக்கும் சூடைக்கும் உறவான மீன், செதில் உதிர்ந்து பெருமளவில் இறந்தது. நம் கரைவலைக்கு இது நேரடியான எச்சரிக்கை. பாரைக் குஞ்சைத் தப்பவிடுவதில் அர்த்தம் இருக்கலாம், சூடைக் குஞ்சு கண்ணில் உரசித் தப்பினால் அதே அளவு அர்த்தம் இருக்காது. எவ்வளவு முன்னதாக, எவ்வளவு உரசலில்லாமல் வெளியேறுகிறதோ அவ்வளவு நல்லது.

நெத்தலிக் காலத்தில் கண்ணைப் பெரிதாக்கினால் நாங்கள் எதைப் பிடிப்பது?

இதற்குச் சுற்றிவளைத்துப் பதில் சொல்ல விரும்பவில்லை. நெத்தலியைப் பிடிக்கும் கண்ணில் பாரைக் குஞ்சு தப்பாது. பாரைக் குஞ்சு தப்பும் கண்ணில் நெத்தலி நிற்காது. கண் அளவாலோ வடிவத்தாலோ இதைத் தீர்க்க முடியாது. தீர்க்கலாம் என்று யாராவது ஒரு மடியைக் கொண்டுவந்தால், நெத்தலி வளைப்பில் அதைச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள்.

வேறு வழிகளைத்தான் சோதிக்க வேண்டும். நெத்தலிக்கு ஒரு மடி, மற்றக் காலத்துக்கு ஒரு மடி என்று இரண்டு வைத்துக்கொள்வது ஒன்று. மடி கைவலையோடு கோத்துக் கட்டப்படுவதால் மாற்றுவது முடியாத காரியமல்ல. குஞ்சு நிறைந்து வரும் இடத்தையும் நேரத்தையும் தவிர்ப்பது இன்னொன்று. எனக்கு அதிக நம்பிக்கை தருவது மூன்றாவது. மடியை உலர்ந்த மணலுக்கு இழுக்காமல், தண்ணீர் நிற்கும் இடத்தில் வாயைத் திறந்து, பெரிய குஞ்சுகளையும் திருக்கையையும் ஆமையையும் கையால் எடுத்து விடுவது. இழுவைப் படகில் இது நடக்காது, அங்கே மீன் ஆழத்திலிருந்து மேலே வரும்போதே பாதி செத்திருக்கும். கரைவலையில் மீன் கடைசி நிமிடம் வரை உயிரோடு நம் காலடியில் நிற்கிறது. இந்த வாய்ப்பை நாம் பயன்படுத்தவே இல்லை.

சோதனையில் மீன் குறைந்தால் அந்த நட்டத்தை யார் தருவது?

சோதனை நடத்துபவர் தர வேண்டும். கரைவலை பங்குத் தொழில். முதலாளிக்குக் குறைந்தால் கயிறு பிடித்த ஒவ்வொருவருக்கும் குறையும், அன்றைய அடுப்பு அதை நம்பி இருக்கிறது. பழைய மடியின் வளைப்பும் புதிய மடியின் வளைப்பும் சோடியாக இருப்பதால் வித்தியாசத்தைக் கணக்கிடுவது எளிது. அந்த வித்தியாசத்தை எந்த நாளில், யார் கையில் தருவது என்பதை முதல் வளைப்புக்கு முன்பே எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

நட்டத்தை எடையில் மட்டும் பார்க்க வேண்டாம். குஞ்சு குறைந்த பிடியில் தரம் பிரிக்கும் வேலை குறையும், மீன் நசுங்காது, விலை கூடலாம். ஆகவே ஒவ்வொரு வளைப்பிலும் விற்ற பணத்தையும் எழுதுங்கள். எடை குறைந்து பணம் குறையாமல் இருந்தால் அது வேறு செய்தி.

மகன், கழித்துப் போடும் மீனை வாங்கித்தான் நான் கருவாடு போடுகிறேன். அதையும் கடலில் விட்டால் நான் எங்கே போவது?

இந்தக் கேள்வியை ஆண்கள் யாரும் கேட்டதில்லை. மீன் காயவைக்கும் பெண்கள் மட்டும்தான் கேட்கிறார்கள், கேட்பதில் நியாயம் இருக்கிறது. வலைக்காரருக்கு வேண்டாதது அவர்களுக்கு வேண்டியது. நட்டக் கணக்கில் அவர்களின் பெயர் எந்த ஆய்விலும் எளிதில் விடுபட்டுவிடும்.

சோதனை தொடங்கும் முன் அந்தப் பாட்டில் மீன் வாங்கும் பெண்களையும் கூட்டத்துக்கு அழைத்து, எந்த மீன், எந்த அளவு, எவ்வளவு வாங்குகிறார்கள் என்று கேட்டு எழுத வேண்டும். காரலும் நெத்தலியும் அவர்களுக்குப் போதுமென்றால் பாரைக் குஞ்சை விடுவதில் மோதல் இல்லை. குஞ்சையே நம்பியிருந்தால் முன் கேள்வியில் சொன்ன இழப்பீடு அவர்களுக்கும் உரியது.

நான் விட்ட மீனைப் பக்கத்துப் பாட்டுக்காரர் பிடிப்பார். நான் மட்டும் ஏன் விட வேண்டும்?

தனியாக விட்டால் நீங்கள் சொல்வதுதான் நடக்கும். மீனின் எடை நீளத்தின் மும்மடியோடு கூடுகிறது. 10 சென்ரிமீற்றர் பாரை 30 சென்ரிமீற்றர் ஆனால் எடை ஏறத்தாழ 27 மடங்கு. இடையில் இயற்கையாகப் பல செத்தாலும் மிஞ்சுவது இலாபம்தான். ஆனால் அந்த இலாபம் விட்டவருக்கே வரும் என்று யாரும் உறுதி தர முடியாது.

ஆகவே சோதனையை ஒருவர் செய்யலாம், நடைமுறையை ஒருவர் மட்டும் தொடங்கக் கூடாது. அடுத்தடுத்த பாடுகள் சேர்ந்து, ஒரே நாளில் மாற வேண்டும். கரைவலைப் பாடுகளுக்கு முறை வைத்து, யார் எப்போது வளைப்பது என்று பேசித் தீர்த்துப் பழகியவர்கள் நாம். அந்த ஒழுங்குக்குள் மடியையும் சேர்க்கலாம்.

விளக்குக் கட்டினாலே மீன் விலகிவிடுமாமே?

எங்கே கட்டுகிறோம் என்பதைப் பொறுத்தது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் இறால் இழுவை மடியின் கீழ்வாய்ப் பக்கம் பச்சை விளக்குகளைக் கட்டியபோது, பாதுகாக்கப்பட்ட யூலக்கான் என்ற சின்ன மீன் பிடிபடுவது எடையில் 91 வீதம் குறைந்தது. அதே விளக்கை மடிக்குள்ளே கம்பிச் சட்டத்தின் அருகில் கட்டியபோது குறைவதற்குப் பதிலாகக் கூடியது. பெருவில் செவுள்வலைகளில் பச்சை விளக்குக் கட்டியபோது ஆமை சிக்குவது ஏறத்தாழ 64 வீதம் குறைந்தது.

இங்கே செவுள்வலைக்காரர்களுக்கு இது ஆராயத்தக்க வழி. கரைவலைக்கு அவசரப்பட வேண்டாம். பகலில் இழுக்கும் வலையில் விளக்கால் பெரிய மாற்றம் வராது. இரவில் வெளிச்சம் சில மீன்களை விலக்கும், சிலவற்றை அழைக்கும்.

ஆமை தப்பும் கம்பிச் சட்டத்தைக் கரைவலையிலும் வைக்கச் சொல்வார்களா?

அந்தக் கம்பிச் சட்டம் இறால் இழுவைக்கு உரியது. அமெரிக்கா 1987இல் தன் இறால் படகுகளுக்கு விதியாகக் கொண்டுவந்து, 1989இல் இறக்குமதி இறாலுக்கும் நிபந்தனை ஆக்கியது. இந்தியா, பாகிஸ்தான், தாய்லாந்து, மலேசியா ஆகியவை அதை எதிர்த்து உலக வர்த்தக அமைப்புக்குப் போன வழக்கு 1998இல் தீர்ந்தது. கம்பி இடைவெளி நான்கு அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது என்பது அங்குள்ள விதி. கரைவலையில் ஆமை மூச்சடைத்து நீண்ட நேரம் நீருக்கடியில் இருப்பதில்லை, மேலே சொன்னபடி ஆழமற்ற நீரில் திறந்து விட்டால் போதும். இலங்கைக் கரையில் முட்டையிடும் ஐந்து வகை ஆமைகளும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை, எனவே விடுவது நம் விருப்பத்தைப் பொறுத்ததல்ல.

இந்திய இழுவைப் படகுகள் மாற்றிய மடி போட்டால் அவர்களை அனுமதிக்கலாம் என்கிறீர்களா?

இல்லை. மடியில் வாசல் வைத்தால் பிடிபடும் குஞ்சு குறையலாம். கடலடியை உழும் கயிறும் பலகையும் சங்கிலியும் அப்படியேதான் இருக்கும். வடக்கில் அறுபடும் வலைகளுக்கும் அதில் தீர்வு இல்லை. மேலே சொன்ன 2017ஆம் ஆண்டுச் சட்டமும் மடியின் கண்ணைப் பார்த்து விலக்கு அளிப்பதில்லை. குஞ்சுப் பிரச்சினை வேறு, கடலடிப் பிரச்சினை வேறு.

வாவியில் இதைச் செய்து பார்க்கலாமா?

செய்யலாம், ஆனால் தனியாக. மட்டக்களப்பு வாவி கடல் மீன்கள் பலவற்றுக்கும் இறாலுக்கும் குஞ்சு வளரும் இடம். அங்கே வரும் மீனில் குஞ்சின் பங்கு இயல்பாகவே அதிகம். கடற்கரையில் கிடைத்த முடிவை வாவிக்கும் வாவியில் கிடைத்ததைக் கடலுக்கும் பொருத்தக் கூடாது. முகத்துவாரம் திறந்திருக்கும் காலமும் மூடியிருக்கும் காலமும் தனித்தனிக் கடல் போல.

சோதனை என்று சொல்லிச் சின்னக் கண் வலையைப் போட்டுத் தப்பிக்கலாமா?

உறை வலைக்குச் சின்னக் கண் தேவை என்பதால் இந்தச் சந்தேகம் பல அதிகாரிகளுக்கும் இருக்கிறது. அதனால் மாவட்டக் கடற்றொழில் திணைக்கள அலுவலகத்தில் எழுத்து அனுமதி வாங்கி, எந்தப் பாடு, எந்த நாட்கள், எந்த வலை என்று குறித்து, அதன் பிரதியைப் பாட்டிலேயே வைத்திருங்கள். சோதனை நாள் முடிந்ததும் உறை வலை சங்கத்தின் களஞ்சியத்துக்குப் போக வேண்டும், யாருடைய வீட்டுக்கும் அல்ல.

காட்டும்போது நல்ல மடி, இழுக்கும்போது உள்ளே இன்னொரு மடி என்று செய்தால் யார் கண்டுபிடிப்பது?

எந்த வாசலையும் ஊசியும் நூலும் இருந்தால் அடைத்துவிடலாம். உலகில் கட்டாயமாகத் திணிக்கப்பட்ட பல மாற்றங்கள் அப்படித்தான் தோற்றன. தன் பிடியில் இத்தனை குறைந்தது, இத்தனை கூடியது என்று தானே எண்ணிப் பார்த்தவர் அடைப்பதற்கு அதிகக் காரணம் இருக்காது. எண்ணும் வேலையில் தொழிலாளர்கள் இருக்க வேண்டும் என்று மேலே வலியுறுத்தியது இதனால்தான். கரைவலையில் இன்னொரு வசதியும் உண்டு. மடி எல்லோர் கண்முன்னும் கரையில்தான் திறக்கிறது. நடுக்கடலில் போல மறைக்க இடமில்லை.

இவ்வளவும் செய்து, பலன் இல்லை என்று வந்தால்?

அதையும் அதே அளவு விபரத்தோடு எழுதி, சங்கத்திலும் திணைக்களத்திலும் கொடுத்துவிடுங்கள். எந்த மடி, எந்தக் கண், எத்தனை சோடி, எந்த மாதம், எந்த இனம் தப்பவில்லை என்று தெரிந்தால் அடுத்த பாட்டுக்காரர் அதே மடியைத் தைத்துக் காலத்தை வீணாக்க மாட்டார். பலன் இல்லாததற்குக் காரணம் பல சமயம் எளிமையாக இருக்கும். சொறி வந்து கண்ணை அடைத்திருக்கலாம், உறை படிந்திருக்கலாம், மடி நிறைந்தபின் மீனுக்குக் கண்ணை நெருங்க இடமில்லாமல் போயிருக்கலாம். இவற்றை ஒவ்வொரு வளைப்பின் பக்கத்திலும் ஒரு வரியில் குறித்துவைத்தால் எதைத் திருத்துவது என்று தெரியும். இவற்றில் ஒன்றும் காரணமில்லை என்றால் பழைய மடியைக் கோத்துக் கட்டிவிட்டு, சதுரக் கண்ணுக்குப் பதிலாகத் திருப்பித் தைத்த வலையையோ, ஆழமற்ற நீரில் பிரித்துவிடும் முறையையோ அடுத்த பருவத்தில் சோதியுங்கள்.